ஒரே வீடு, இரண்டு பாஸ்போர்ட்

எங்கள் பெரியப்பா பிரெஞ்சுக்காரர். அப்பா இந்தியர். இருவரும் காரைக்காலில், ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். வெளியூர்த் தோழிகளிடம் சொன்னால் விடுகதை போடுகிறேன் என்று நினைப்பார்கள்.

விடை 1962-ல் இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ம் தேதியே கைமாறிவிட்டது. சட்டப்படி இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் அன்று தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பாவோ சைகோனுக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸில் குடியேறியிருந்தார். இந்தியாவுக்கு வெளியே வசித்ததால் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். ஆக, இரண்டு பேருமே எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை!

ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பினார். தெருவில் அவரை 'சொல்தா' என்பார்கள். சிப்பாய் என்று அர்த்தம். மனுஷன் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கினால் எங்கள் தெருவுக்கு சொல்தாதான். காலையில் பழைய சோறும் சுண்டவத்தலும். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க எங்களை இடித்துத் தள்ளுவார். பிரெஞ்சு வெளியே வருவது கோபத்தில் மட்டும்.

எஸ்டோனியாவிலும் லாட்வியாவிலும் 1991-ல் சுதந்திரம் மீண்டபோது, சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழிக்காரர்களுக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. மொழித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பலர் எந்த நாட்டுக் குடிமக்களாகவும் இல்லாமல் நின்றார்கள். அவர்களுக்கு மொழி சிக்கல். பெரியப்பாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தமிழில் தேர்வு வைத்தால் அப்பாவைவிட அதிக மார்க் வாங்குவார். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்குச்சாவடி போடுவார்கள். வேட்டி கட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டு வருவார். தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க வேண்டிய கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் அவருக்கு ஓட்டுக் கிடையாது.

அதையெல்லாம் சிரித்துக் கடந்தவரை நிலம்தான் உலுக்கியது. தாத்தாவின் நன்செயை ஒட்டி இரண்டு மா விலைக்கு வந்தது. பெரியப்பாவிடம் 'ஓசிஐ' அட்டை இருந்தது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதிக்காரர்களும் அதை வாங்கலாம். காரைக்கால் அந்த வரியில்தான் வருகிறது. ஆனால், அந்த அட்டையை வைத்து வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் வயலை வளைத்துப்போடாமல் இருக்க அந்த விதி தேவை என்றுதான் நானும் சொல்வேன். ஐந்து வயதில் அதே வரப்பில் நண்டு பிடித்தவரிடம் எப்படிச் சொல்வது?

"தாத்தா நிலத்துல எனக்குப் பங்கு உண்டாம், பக்கத்துக் காணிய வாங்கக் கூடாதாம். என்னடா கணக்கு இது?" என்றார் அப்பாவிடம்.

"என் பேர்ல வாங்கிடலாமாண்ணே?"

"உன் பேர்ல வாங்கினா அது உன் நிலம். உன் காசுல வாங்கு."

அப்பா கடன் வாங்கித்தான் வாங்கினார். பத்திரப் பதிவன்று முதல் சாட்சியாகப் பெரியப்பா கையெழுத்துப் போட்டார், தமிழில். மறுநாள் விடிவதற்குள் மண்வெட்டியோடு வாய்க்கால் அடைப்பைத் திறக்கப் போய்விட்டார்.