செப்பாக்கத்துச் சாம்பல்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் போனால் வழியெல்லாம் நெல் வயல். ஆரணியாறு இந்தப் பக்கமாக வந்துதான் பழவேற்காடு ஏரியில் விழுகிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. மடவை, இறால், நண்டு என்று ஏரியை நம்பிப் பிழைக்கும் குப்பங்கள் கரை நெடுக இருக்கின்றன.

கெளுத்தி, விலாங்கு போன்ற வழுக்கும் மீனை ஆய்வதற்குக் கையில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொள்வது இங்குள்ள பெண்களின் பழைய வழக்கம். வயல் பக்கம் வந்தால் அதே சாம்பலைக் கத்தரியிலும் அவரையிலும் அசுவினிக்காகக் காலைப் பனியோடு தூவுவார்கள். குப்பைக்குழியில் கொட்டினால் எருவாகும். சாம்பலால் கெடுதல் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த நம்பிக்கையோடு இதே பொன்னேரி வட்டத்தின் தென்பகுதிக்குப் போகக் கூடாது. பொன்னேரியில் சென்னை மின்சார ரயிலைப் பிடித்து, மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு தாண்டி அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால் கிழக்கே உயரமான புகைபோக்கிகள் தெரியும். அது வடசென்னை அனல்மின் நிலையம். 1994 முதல் 1996 வரை 210 மெகாவாட் அலகுகள் மூன்று வந்தன. பிறகு 600 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. அருகிலேயே வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன.

இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை எரியாத மண்சத்துதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி தேவை. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் செலவாகும். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால், ஒரு மணி நேரப் பாசனத்துக்கு எங்கோ ஒரு கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. இலவச மின்சாரம் வாங்கும் எவரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

மிஞ்சும் சாம்பலில் ஐந்தில் நான்கு பங்கு மாவைவிட மென்மையான பறக்கும் சாம்பல். புகைபோக்கிக்குப் போகும் முன் மின்சாரத் தகடுகள் அதை இழுத்துப் பிடித்துவிடுகின்றன. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனது போக மீதியைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் ஏரிக்குத் தள்ளுகிறார்கள். கடலோர நிலையங்களில் இதற்கு உப்புநீரைப் பயன்படுத்துவது வழக்கம். வடசென்னை நிலையத்தின் சாம்பல் ஏரி இருப்பது செப்பாக்கத்தில். ஏரி காய்ந்து மேல்காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக் கூரையிலும் மாட்டுத் தீவனத்திலும் சாம்பல் படியும். ஊரையே வேறிடத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று அங்குள்ளவர்கள் கேட்டது அதனால்தான்.

அந்தக் குழாய்கள் கொசஸ்தலையாற்றைக் கடந்து போகின்றன. பல ஆண்டுகளாக அவை உடைந்து கசிந்ததில் ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, படகு போன ஆழமெல்லாம் மேடானது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்குச் சேறு இருந்த இடத்தில் சாம்பல் தட்டுப்பட்டது. சேறு இல்லாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் இறால் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தையும் பழவேற்காடு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைப்பதால், வடக்கே உள்ள குப்பங்களும் இதை அடுத்த ஊர்ச் சங்கதி என்று விட முடியாது. மீனவர்கள் தொடுத்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆற்றுச் சாம்பலை அகற்றிச் சீர்செய்ய வேண்டும் என்று 2022இல் தீர்ப்பானது. நியாயமான தீர்ப்பு. ஆனால் முப்பது வருடத்தில் படிந்ததை இறால் குஞ்சு வளரும் இடத்தைக் கெடுக்காமல் அள்ளுவது லேசான வேலை இல்லை.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் ஏரியின் கரை உடைந்து, சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு வயலிலும் ஆற்றிலும் புகுந்தது. வசதியுள்ள நாட்டுக்கே அதை அள்ளி முடிக்கப் பல வருடம் ஆனது.

இனி, இந்தப் பக்கத்து விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி: சாம்பல் ஏரிச் சாம்பல் சும்மா கிடைக்கிறதே, வயலில் போடலாமா?

விறகுச் சாம்பல் மரத்தின் சத்து. அதிலுள்ள சாம்பல்சத்து தண்ணீரில் கரைந்து பயிருக்கு உடனே கிடைக்கும். நிலக்கரிச் சாம்பல் கொதிகலனின் கடும் வெப்பத்தில் உருகிக் குளிர்ந்த கண்ணாடித் துகள். அதில் தழைச்சத்து இல்லை, இருக்கும் சாம்பல்சத்தும் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும். நிலக்கரியில் துளியளவு இருக்கும் ஆர்சனிக், ஈயம், செலினியம் போன்றவை கொதிகலனில் ஆவியாகி, புகை குளிரும்போது மென்மையான துகள்களின் மேல் படிகின்றன. பத்து மூட்டை கரியில் இருந்தது மூன்று மூட்டைச் சாம்பலில் திரண்டுவிடுகிறது. போரான் அதிகமானால் அவரை, எலுமிச்சை இலைகள் ஓரம் கருகும்.

களிமண்ணை இளக்கவும் புளிப்பு மண்ணைத் திருத்தவும் இது உதவும் என்பது ஆராய்ச்சியில் கண்டதுதான். மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கையும் மண் பரிசோதனைக்குப் பிறகு, கட்டுப்பாட்டோடு பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் பழவேற்காட்டுக் கரையோர நிலம் ஏற்கெனவே உப்பேறியது. உப்புநீரில் ஊறிய சாம்பலை இங்கே கொட்டுவது வாங்கிய கடனுக்கு மேல் கடன். லாரிக்காரர் சும்மா கொண்டுவந்து கொட்டுகிறேன் என்றாலும் வேண்டாம். பள்ளம் நிரப்பக் கேட்டால் கிணற்றுக்கும் குட்டைக்கும் பக்கத்தில் கூடவே கூடாது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகட்டும், அதற்கு ஏற்ற பொருள்தான்.

செப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் பசுந்தீவனத்தை நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். வைக்கோல்போரை மூடி வைக்க வேண்டும். குடிநீர்க் கிணறானால் கன உலோகங்களுக்கும் தனியாகச் சோதிக்கக் கேட்பது நல்லது. பாசனக் கிணற்று நீரையும் வயல் மண்ணையும் வருடம் ஒருமுறை, கோடையில், திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாவட்ட மண் பரிசோதனைக் கூடத்திலோ விசாரித்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்தோடு நிறுத்தாமல், உப்பின் அளவும் போரானும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.