தாழ்ப்பாள் யார் கையில்?

கதவைத் திற, செல்வம் வரும் என்கின்றனர். எப்படி வரும், எத்தனை நாள் தங்கும், எவ்வேளையில் கிளம்பும் என்று நாம் கேட்டால், ‘சந்தை அறியும்’ என்பதே விடை. ‘ஆண்டவன் அறிவான்’ என்ற பழைய விடையைக் கேட்டுப் புளித்த செவிகள் நம்முடையவை! எனவே, இப்புதுத் தெய்வத்தின் மகிமையை ஏட்டில் அல்ல, நாட்டில் காண விழைந்தோம். கண்ட நாடு தாய்லாந்து.

வெளிநாட்டுக் கடன் தாராளமாக உள்ளே வர, 1993-இல் பாங்காக்கில் தனி வங்கி வாயில் திறக்கப்பட்டது. டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் என்று நாணய மதிப்பு கட்டிவைக்கப்பட்டிருந்தது. வெளியே வட்டி குறைவு, உள்ளே அதிகம். டாலரில் வாங்கினர், பாட்டில் கொடுத்தனர். பணம் ஆலைக்கு மட்டுமா போயிற்று? மனைக்கும் மாடிக்கும் போயிற்று. மாடிகள் எழுந்தன, குடிவர ஆளில்லை. ஐயம் பிறந்தது, வந்த பணம் வந்த வழியே ஓடிற்று. 1997 ஜூலை 2-இல் கட்டு அவிழ்ந்தது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 50 பாட்டுக்கும் மேல்! வாங்கிய கடன் இரு மடங்காயிற்று. 56 நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன.

பங்குச் சந்தையில் பெரும்பொருள் புரட்டிய ஒருவர், கழுத்தில் பெட்டி தொங்கத் தெருவில் ரொட்டி விற்றார். அவர் கதை உலக ஏடுகளில் வந்தது. கட்டட வேலை இழந்து, வெறுங்கையுடன் சிற்றூர் திரும்பிய கூலியாளின் கதையை எழுதியோர் எத்தனை பேர்? உழைத்துண்ணும் குடியில் பிறந்த நம் நெஞ்சை உறுத்துவது இதுவே. கடன் வாங்கியவன் அவனல்லன்; கட்டியவன் அவன்.

பன்னாட்டு நிதியத்தின் தலைமையில் 1,720 கோடி டாலர் உதவித் திட்டம் வந்தது. செலவைக் குறை, வட்டியை உயர்த்து என்றனர். இளைத்தவனுக்குப் பட்டினியே மருந்தாம்!

அண்டை நாடான மலேசியா வேறு வழி கண்டது. 1998 செப்டம்பரில், பணம் வெளியேறக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிறுத்திற்று. கேடு சூழும் என்று பழித்தனர். அதனால்தான் அந்நாடு மீண்டது என்று நாம் அடித்துக் கூறவில்லை; அறிஞரிடையே அதில் வழக்குண்டு. ஆயின், பழித்தோர் உரைத்த அழிவு வரவில்லை. 2012-இல் அதே நிதியம், சில வேளைகளில் கட்டுப்பாடு தகும் என்று ஒப்பிற்று. வேதவாக்கு என்றனரே, அதையும் திருத்த வேண்டியதாயிற்று!

தோழர்களே! வணிகத்தை வெறுப்பவரல்லர் நாம். கதவே வேண்டாம் என்பதும் நம் வாதமன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அது வீட்டாரின் கையில் இருத்தல் வேண்டும். அதைக் கழற்று என்போரிடம், ‘இழப்பு வந்தால் ஏற்பவர் யார்?’ என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.