தறி நின்ற ஊரில் ரோபோ

மெரிமாக் நதியின் கிழக்குக் கரை நெடுகச் செங்கல் கட்டடங்கள். நான்கு மாடி, ஐந்து மாடி, வரிசை வரிசையாக ஜன்னல்கள். நடந்து கடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள இந்த ஊரின் பெயர் மான்செஸ்டர். கோவைக்கு அந்தப் பட்டம் ஆலைகள் வந்த பிறகு கிடைத்தது. இந்த ஊரோ, டெரிஃபீல்ட் என்ற பழைய பெயரைக் கைவிட்டு 1810லேயே மான்செஸ்டர் ஆகிவிட்டது. அப்போது சொல்லிக்கொள்ளும்படியான பெரிய ஆலை இங்கே இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது.

ஆசை பலித்தது. 1831ல் உருவான அமோஸ்கேக் கம்பெனி, நதியின் அருவி நீரைக் கால்வாய்களில் திருப்பி இயந்திரங்களை ஓட்டி, உலகின் மிகப் பெரிய பருத்தி ஆலையாக வளர்ந்தது. உச்ச காலத்தில் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். குடும்பம் என்றால் பிள்ளைகளும் சேர்த்துத்தான். 1909 மே மாதம் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர், குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் குழு ஒன்றுக்காக இங்கே வந்து, ஆலையில் வேலை பார்த்த சிறுவர் சிறுமிகளைப் படம் பிடித்தார்.

பிறகு சரிவு. தென் மாநிலங்களில் கூலி மலிவு, இயந்திரங்களும் புதியவை. 1922ல் கம்பெனி சம்பளத்தைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட, ஒன்பது மாத வேலைநிறுத்தம் நடந்தது. 1935ல் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

டீன் கேமன் இந்தக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தது 1980களில். கல்லூரிப் படிப்பை முடிக்காத இந்தக் கண்டுபிடிப்பாளர், நோயாளி உடலோடு எடுத்துச் செல்லக்கூடிய மருந்து பம்பால் பணமும் பெயரும் சம்பாதித்தவர். இரண்டு சக்கர 'செக்வே' வண்டி பிற்பாடு வந்தது. அவருடைய மனக்குறை எளிமையானது: விளையாட்டு வீரர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் தெரிந்த அளவுக்குப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானிகளைத் தெரியவில்லை. அப்படியானால் எந்திரம் செய்வதையே ஒரு விளையாட்டாக்கிவிடலாம் என்று நினைத்தார். 1989ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்குக் கையளவு பொருள்களைக் கொடுத்து எந்திரம் கட்டிப் போட்டியிட வைத்துப் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் கூட்டுச் சேர்ந்தார். ஃபிளவர்ஸ் 2019ல் காலமானார்.

முதல் போட்டி 1992ல், இதே ஊரின் மெமோரியல் உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில். 28 அணிகள். தரையில் மக்காச்சோள மணிகளைக் கொட்டி வைத்தார்கள். அதன்மேல் ஓடி டென்னிஸ் பந்துகளைச் சேகரிக்க வேண்டும். காகிதத்தில் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், சோளத்தின் மேல் சக்கரம் வழுக்கும்போதுதான் எஞ்சினியரிங் என்றால் என்னவென்று புரியும்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் விளையாட்டு மாறுகிறது. ஜனவரியில் உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் விதிகளை அறிவிக்கிறார்கள். பல ஆண்டுகள் ஆறே வாரத்தில் ரோபோவை முடித்துப் பையில் போட்டு முத்திரை வைக்க வேண்டியிருந்தது. அந்த விதி 2020ல் நீக்கப்பட்டது. 50 கிலோவுக்கும் மேல் எடை இருக்கக்கூடிய எந்திரங்கள் மூன்றுக்கு மூன்றாகக் களத்தில் மோதுகின்றன. முதல் சில விநாடிகள் கட்டுப்பாட்டுக் கருவியை யாரும் தொடக்கூடாது, எழுதி வைத்த புரோகிராம்தான் ஓட்ட வேண்டும். தகுதிச் சுற்றில் இந்த ஆட்டத்தின் கூட்டாளி அடுத்த ஆட்டத்தில் எதிராளி. எனவே பக்கத்து அணியின் மோட்டார் எரிந்துபோனால் சந்தோஷப்பட்டு லாபமில்லை. நம்மிடம் இருப்பதைக் கழற்றிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். கடுமையாகப் போட்டியிடு, எதிராளியைக் கண்ணியமாக நடத்து என்பது ஃபிளவர்ஸ் வற்புறுத்திய கொள்கை. நம் ஊர்க் கிரிக்கெட் ரசிகர்களிடம் சொல்லிப் பார்க்கலாம்.

பழைய மூன்றாம் எண் ஆலைக் கட்டடத்தில்தான் அமைப்பின் தலைமையகம். அதே கட்டடத்தில் ஆலையின் சரித்திரம் சொல்லும் மியூசியம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான அறிவியல் மையமும் இருக்கிறது. அந்த மையத்தில் 1900ம் ஆண்டு வாக்கில் ஆலைப் பகுதி இருந்த கோலத்தை சுமார் 30 லட்சம் லெகோ கட்டைகளால் கட்டி வைத்திருக்கிறார்கள். கால்வாய், ரயில், தெரு, சுமார் 8,000 பொம்மை மனிதர்கள். லெகோ பொம்மைகளின் வழக்கப்படி அவர்கள் முகத்தில் சிரிப்பு. ஹைனின் படங்களில் அவ்வளவு சிரிப்பு இல்லை.

அன்று பத்து விரலும் கொஞ்சம் வறுமையும் இருந்தால் ஆலைக்குள் நுழைந்துவிடலாம். இன்று கதவு திறக்கப் பணம் வேண்டும். பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். உதிரி பாகம், பயணம் எல்லாம் தனி. நாசாவும் பெரிய கம்பெனிகளும் உதவுகின்றன. ஆனால் எஞ்சினியர்கள் வசிக்கும் ஊர்ப் பள்ளிக்குக் கிடைக்கும் ஸ்பான்சர், மற்ற ஊர்ப் பள்ளிக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. மும்பையிலிருந்தும் பள்ளி மாணவர் அணிகள் போயிருக்கின்றன. எந்த மாதிரிப் பள்ளி என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. பெண் பிள்ளைகளையும் சிறுபான்மையினரையும் எஞ்சினியரிங் பக்கம் இழுப்பதுதான் கேமனின் முதல் நோக்கமாக இருந்தது என்பதால் இந்தக் கேள்வி கூடுதலாக உறுத்துகிறது.

உள்ளூர்க்காரர்களுக்குக் கவலை வேறு. 28 அணிகள் இன்று மூவாயிரத்துக்கு மேல். மெமோரியல் பள்ளிக் கூடம் எப்படித் தாங்கும்? இறுதிப் போட்டி 1995ல் ஃபுளோரிடாவுக்குப் போனது. இப்போது டெக்சாசின் ஹூஸ்டனில் நடக்கிறது. தறி போன அதே தெற்குத் திசை. ஆனால் இந்த முறை ஆலை காலியாகவில்லை. மனிதத் திசுக்களையும் உறுப்புகளையும் தொழிற்சாலை முறையில் தயாரிக்க, அமெரிக்க ராணுவத் துறையின் 8 கோடி டாலர் உதவியோடு கேமன் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் இதே கட்டட வரிசையில்தான் இடம் பிடித்திருக்கிறது. வேலைக்கு ஆள் தேவை. மெமோரியல் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே நாற்காலி கிடைக்கும் என்று ஊர் எண்ணிக்கொண்டிருக்கிறது.