பெமுண்டன் ஏரியில் மூன்று இரவுகள்

நோர்வேயில், சுவீடன் எல்லைக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து 662 மீற்றர் உயரத்தில் இருக்கிறது பெமுண்டன் ஏரி. கோடையில் அங்கே ஓடும் பயணிகள் படகு 1905இல் கட்டப்பட்டது. எங்கள் சிறுதோணியையும் அதில் ஏற்றிச் சென்று இறங்கினோம், மகளும் நானும்.

தண்ணீரை அள்ளிக் குடிக்கலாம், அவ்வளவு தெளிவு. மகள் பின்னால் இருந்து திசை பார்த்தாள். நான் முன்னால் துடுப்புப் போட்டேன். காற்று எழும்பினால் ஏரி கடல்போல அலையெறியும். அதனால் கரையை ஒட்டியே போனோம். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவேயில்லை.

அந்த நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. பயிர்செய்யாத நிலம் யாருடையதானாலும், குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். இரண்டு இரவுவரை யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மகளிடம் இதை இரண்டுதரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சகோதரிகளே, 2009இல் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தவள் நான். முட்கம்பிக்கு வெளியே போக அப்போது அனுமதியில்லை.

முதல் இரவு துணி காற்றில் படபடத்தது. நித்திரை வரவில்லை. யூலையில் அங்கே நள்ளிரவிலும் முழு இருட்டில்லை. எழும்பிக் கரையோரம் நெடுந்தூரம் நடந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவருமில்லை; நுளம்புகள்தான் விடவில்லை. அதற்கு நம்மூர் நுளம்பு சாது!

மூன்றாம் இரவு மகளுக்கு முன்னரே உறங்கிவிட்டேன். கோடையில் காட்டருகே நெருப்பு மூட்டத் தடை என்பதால், காலையில் அவள் காஸ் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்து என்னை எழுப்பினாள்.