கீழே இறங்குவது பெரிதல்ல

மைசூர் மைன்ஸ் லைன் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் அவருக்குப் பசிக்கும். அது பசி அல்ல என்பது மனைவிக்குத் தெரியும். மீந்த சோறு, மிக்சர், குழந்தைகளின் பிஸ்கட் - விளக்குப் போடாமல், நின்றபடியே, வயிறு வலிக்கும்வரை. அப்புறம் அழுகை.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் பிள்ளைகள் பலரையும் போல அவரும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய் வருகிறவர். காலையில் வெறும் வயிறு, மதியம் டீ. எடை 104 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை.

ஸ்காட்லாந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சாப்பிடாமல் இளைத்த கதையை ரயில் சிநேகிதர் சொன்னார். உண்மைதான். ஆங்கஸ் பார்பியரி என்ற 27 வயது இளைஞர் 1965-66-ல் 382 நாள் உண்ணாமலிருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். ஆனால் டண்டீ நகர மருத்துவர்கள் அவரது ரத்தத்தைச் சோதித்தபடி இருந்தார்கள். வைட்டமினும் பொட்டாசியமும் கொடுத்தார்கள். சிநேகிதர் அதைச் சொல்லவில்லை.

இவர் 21 நாள் என்று முடிவு கட்டினார். தண்ணீர் மட்டும். டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. மூன்று நாளில் உடம்பு லேசானது. ராத்திரிப் பேய் வாயை மூடிக்கொண்டது. மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை பிளாட்பாரத்தில் சுருண்டு விழுந்தார். சாப்பாடில்லாத உடம்பில் மாத்திரை சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளியிருந்தது.

பிழைத்து வந்த வாரமே பேய் இரட்டைப் பசியோடு திரும்பியது. டாக்டருக்கு ஆச்சரியமில்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டார். சோதனை முடிந்த பிறகும் பலர் கட்டுக்கடங்காமல் தின்றார்கள். பட்டினி, பெருந்தீனிக்கு மருந்தல்ல. பல நேரம் அதற்கு விதை. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகவே ஏற்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு, மனநல ஆலோசனை - சிகிச்சை இவைதான்.

முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கிய அப்பா ஒன்றுதான் சொன்னார்: “கீழ எறங்குறது பெரிசில்லப்பா. மேல மணியைக் கேக்க ஒரு ஆளு இருக்கணும்.”

இப்போது ரயிலில் ஜன்னலோரம் டிபன் டப்பாவைத் திறக்கிறார். நான்கு இட்லி. ஆறு மாதத்தில் நான்கு கிலோதான் குறைந்திருக்கிறது. ராத்திரி சமையலறைக்குப் போனால் விளக்கைப் போடுகிறார். சில நாள் மனைவியையும் எழுப்புகிறார்.