அழுக்கேறிய பாதங்கள்

கீழ்க்கட்டளையிலிருந்து மாணவர்களுடன் கோவா சென்றிருந்தோம். 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட பொம் ஜேசு பேராலயம். அங்கே சவேரியாரின் கல்லறை மாடம்: டஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் கோசிமோ அளித்த பளிங்கு, ஃபோகினி எனும் சிற்பியின் கைவண்ணம், 1698-ல் நிறுவப்பட்டது. பகுத்தறிவு பேசும் நாமும் ஒருகணம் வாயடைத்து நின்றோம்!

வாயடைக்கச் செய்வதற்கென்றே வளர்க்கப்பட்டது பரோக் கலை, தோழர்களே! சீர்திருத்தக்காரர் எழுப்பிய கேள்விகளால் ஆட்டங்கண்ட ரோமாபுரித் திருச்சபை, 1563-ல் திரெந்து சங்கத்தில் படங்களுக்கும் சிலைகளுக்கும் பரிந்து தீர்மானம் இயற்றிற்று. வாதத்தால் வெல்ல இயலாத உள்ளங்களை வண்ணத்தால், பொன்னால், பளிங்கால் வெல்ல முனைந்தது. நம் ஊர்க் கோபுரங்கள் செய்ததும் வேறென்ன?

பொன் பூசிய மரச்சிற்பங்களைக் காட்டி, "ஐயா, இவற்றைச் செதுக்கியவர் யார்?" என்றான் ஒரு மாணவன். கோவாத் தேவாலயங்களின் மரவேலையில் உழைத்தது உள்ளூர்த் தச்சரின் உளி. கொடுத்த கோமகனுக்குப் பெயர் உண்டு. குனிந்து செதுக்கியவனுக்கோ பெயரில்லை!

அதே பரோக் காலத்தில் ரோமில் கரவாஜியோ என்ற ஓவியர், மேரியின் முன் மண்டியிட்ட ஏழையின் அழுக்கேறிய பாதங்களை நம் கண்ணெதிரே நீட்டித் தீட்டினார். பளிங்கு நம்மை வாயடைத்தது. அப்பாதங்களோ நம்மைப் பேசச் சொல்கின்றன.

கலையை வியப்போம், காலில் விழோம். எவர் உழைப்பு இது என்று கேட்போம். அந்த மாணவன் கேட்டுவிட்டான்!