இருட்டில் பதினைந்து விநாடி

கயத்தாற்றுப் பக்கம் கரிசல் காட்டில் ராத்திரி நடக்கப் பழகிய பிறகுதான் அண்ணாச்சி என்னைக் கேமராவைத் தொட விட்டார். பிலிம் காலத்திலிருந்து கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சாப்பாடு முடிந்ததும் தன் சிப்பிப்பாறை நாயோடு வண்டிப்பாதையில் நடப்பது அவர் வழக்கம். தொழில் கற்க வேண்டுமானால் நானும் நடக்க வேண்டும்.

"கேமரா பையிலயே இருக்கட்டும் தம்பி. மொதல்ல கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்."

கண் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். இடையில் செல்போன் திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி ஆரம்பத்திலிருந்து. மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் மங்கிய விண்மீனை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கச் சொல்வார். அப்படிப் பார்த்தால் கார்த்திகைக் கூட்டத்தில் நேர்ப்பார்வைக்குத் தப்பிய மீன்களும் தெரியவரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இருட்டு எவ்வளவு முக்கியமானாலும், நடக்கும்போது டார்ச் தரையில் அடித்தபடியே இருக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். நின்று, சுற்றிலும் பார்த்து, நாயைப் பக்கத்தில் உட்கார வைத்த பிறகே விளக்கை அணைப்போம். கேமராவைத் தொடும்போது மட்டும் சிவப்புத்தாள் ஒட்டிய சின்ன விளக்கு. மங்கிய சிவப்பு, பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

மே மாதம் ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு மேல் தென்சிலுவை நேராக நிற்கும். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம் அளந்தால் அது இருக்கும். அதற்கு இடப்புறம் சென்டாரஸ் கூட்டத்தின் இரண்டு பிரகாச மீன்கள். தென்கிழக்கில் கேட்டை செந்நிறத்தில் ஏறியிருக்கும். பால்வீதியின் தடித்த பகுதி அதன் பின்னாலேயே வரும். வடநாட்டில் இருப்பவர்களுக்குச் சிலுவை அடிவானத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் தென்கோடிக்கு வாய்த்த வானம் இது.

கணக்கு எளிது. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று வரும். என் கேமராவின் சென்சார் சிறியது, 18 மி.மீ. லென்ஸை 27 என்று கொள்ள வேண்டும். 18 விநாடி வருகிறது. அண்ணாச்சி 15-க்கு மேல் போக விடமாட்டார். பூமி சுழல்வதால் அதற்கு மேல் மீன்கள் கோடாக இழுபடும். அப்பெர்ச்சர் 3.5, ஐஎஸ்ஓ 3200. ஃபோகஸ் கையால்தான். திரையில் கேட்டையைப் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக்கூடாது. ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் டிரைபாடின் நடுத்தண்டை இறக்கி, பையை அதில் தொங்கவிட வேண்டும்.

நாயை வானத்தோடு சேர்த்து எடுப்பதுதான் கடினம். 15 விநாடி அது அசையாமல் இருக்காது. வானத்தை முதுகில் வைத்து நின்று தலையை ஆட்டினால், காதுக்குள் நட்சத்திரம் தெரியும். அதனால் அது அடிவானக் கோட்டுக்குக் கீழே, கறுத்த மண்ணைப் பின்னணியாகக் கொண்டு உட்கார வேண்டும். ஷட்டர் திறந்ததும், துணி போட்டு மறைத்த விளக்கைப் பக்கவாட்டில் ஒரு கணம் காட்டி அணைத்துவிடுவோம். அந்தக் கணத்தில் நாய் எப்படி இருந்ததோ அதுதான் பதியும். பிறகு அசைந்தாலும் இருட்டோடு இருட்டு. வெளிச்சத்தை முகத்துக்கு நேராக அடிக்கக்கூடாது. நாய்க்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. கண் பச்சையாகப் பற்றி எரிவதுபோல் விழும். நமக்குத் தெரியாத இருட்டில் அது பார்ப்பதும் அந்தப் படலத்தின் உதவியோடுதான். அந்தக் கண்ணைக் கூசவைக்க அண்ணாச்சிக்கு மனசு வராது, எனக்கும்தான்.

அடுத்த பாடம் ஜனவரியில், அகத்தியர் மீன். அது தெற்கே ஏறும் நேரத்தில் ஊர் விளக்கு குறுக்கிடாத மேட்டு நிலம் ஒன்றைப் பகலிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம்.